வீரனின் நெற்றியில் சந்தனப் பொட்டு

பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா ஷப்பேலில், ரூ காய் என்ற தெருப் பக்கம், படங்களுக்குக் கண்ணாடி போட்டுப் பிழைத்தவன் நான். வருவதில் பாதி சாமிப்படம், பாதி செத்தவர்களின் படம். முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு முதல் நாள் வந்து "இண்டைக்கே வேணும்" என்று தலையில் ஏறி நிற்பார்கள். சாவு எனக்குப் பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை புறநகரான லா கூர்னெவிலிருந்து ஓர் அம்மா வந்தார். பையிலிருந்து எடுத்தது பழைய யப்பானிய அச்சுப்படம். மரப்பலகையில் செதுக்கி, நிறத்துக்கு ஒரு பலகையாகக் கையால் அச்சடிப்பது. அவர்களுடைய பழங்கதை வீரன் ஒருவன். கையில் வாள், உருட்டிய கண்கள், சிவந்த முகம். நெற்றியில் சந்தனப் பொட்டு. அது யப்பானியர் வைத்ததல்ல.

"மகன் வாங்கி வந்தவன் அண்ணை. கோயில் பக்கம் தலைவைச்சும் படுக்காத பிள்ளை, சாமிப்படம் வாங்கியிருக்கிறானே எண்டு எனக்குச் சந்தோசம். வைரவர் எண்டு நினைச்சு சாமித்தட்டிலை வைச்சுப் பொட்டும் வைச்சிட்டன்."

முதல் சம்பளத்தில் அவன் தேடி வாங்கிய படமாம். பொட்டைக் கண்டதும் பிரெஞ்சில் கத்திவிட்டு, படத்தையும் விட்டுவிட்டு, சென் தெனியில் சிநேகிதனோடு போய் இருந்துவிட்டான். போனும் எடுப்பதில்லை.

"இந்தப் பொட்டை மட்டும் எடுத்துத் தாங்கோ. பழையபடி கொண்டுபோய்க் குடுத்தா வீட்டை வருவான்."

ஈரப் பஞ்சால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். பஞ்சில் சிவப்பு ஏறியது. பொட்டை எடுத்தால் முகமும் சேர்ந்து போகும். பழைய காகிதம் திருத்தும் பிரெஞ்சுக்காரி ஒருத்தியிடமும் காட்டினேன். அவளும் கையை விரித்தாள்.

"அப்ப இஞ்சையே இருக்கட்டும் அண்ணை. ஏதும் மருந்து வரும்."

பிறகு வெள்ளிதோறும் கோயிலுக்குப் போய்விட்டு வந்து எட்டிப்பார்ப்பார். "ஏதும் வழி பிறந்ததோ?"

"தங்கச்சி, இதென்ன உடுப்பிலை பட்ட கறியோ, தோய்ச்சு எடுக்க?" என்று சினப்பேன். சிரித்துக்கொண்டே விபூதியைத் தந்துவிட்டுப் போவார். ஒருநாள் அந்த வரவு நின்றது.

சில கிழமைகள் கழித்து ஒரு பெடியன் வந்தான். "நாளைக்கு அந்தியேட்டி, அங்கிள். அம்மான்ரை படம்."

உறையைத் திறந்தேன். அதே அம்மா. அவர் வந்துபோனதையெல்லாம் சொன்னேன். பெடியன் பெஞ்சில் இருந்துவிட்டான். மேசை லாச்சியை இழுத்து வீரனை எடுத்து முன்னால் வைத்தேன்.

"அந்தப் பொட்டை எடுத்திட்டீங்களா?"

"இல்லைத் தம்பி. ஏலாமல் போச்சு."

மேசையில் கிடந்த பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்து பார்த்தான். காய்ந்த சந்தனத்தில் விரல்ரேகை பதிந்திருந்தது. "அம்மான்ரை விரல்" என்றான். பிறகு குழந்தையைப் போல் அழுதான். நானும் அழுதேன், அதில் வெட்கமில்லை.

"இதுக்கும் கண்ணாடி போடுங்கோ அங்கிள். பொட்டிலை முட்டாமல்."

தடித்த மட்டையில் விளிம்பு வெட்டி, கண்ணாடியை உயர்த்திப் போட்டுக் கொடுத்தேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கறையை எடுக்கச் சொல்லி யார் வந்தாலும், பஞ்சை நனைக்க முதல், அதை வைத்தது யார் என்று கேளுங்கள்.