கல்யாணப் பத்திரிகை போல ஒரு மனு

டி.டி.பி. கடையில் கணினிக்கு முன்னால் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று வருகிறவர்கள் நம்புவார்கள். தெரியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. இந்தத் தொழிலில் இருந்து மானம் போனவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்களோடுதான் கதைக்கிறேன். சண்டைக் காலம். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, மூன்று மாத கோர்ஸ் ஒன்றை முடித்துவிட்டு, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள் இருந்த கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கோர்ஸில் எனக்கு ஒழுங்காக ஏறியது கோரல் ட்ரோ ஒன்றுதான்.

எண்பத்தாறு பக்கம்

கொட்டாஞ்சேனையில் டியூஷன் கொடுக்கும் கணித மாஸ்டர் ஒருவர் தன் கைப்பிரதியைக் கொண்டுவந்தார். தொண்ணூறு பக்கம். பெட்டி, கோடு, முக்கோணம் எல்லாம் அழகாக வரும் என்று நானும் முழுப் புத்தகத்தையும் கோரல் ட்ரோவிலேயே செய்தேன். படம் கீறுவதற்கான மென்பொருளில் ஒவ்வொரு பக்கமும் தனித் தாள். ஒன்றில் கூடினது அடுத்ததுக்குத் தானாக வழியாது. இது எனக்குத் தெரியும். ஆனால் யார் திருத்தம் கேட்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

நாலாம் பக்கத்தில் ஒரு பந்தி விடுபட்டுவிட்டது, சேர்த்துவிடும் என்றார் மாஸ்டர். மிச்சம் எண்பத்தாறு பக்கத்தையும் கையால் வெட்டி ஒட்டி நகர்த்த எட்டு நாள் போனது. அதற்குள் அவருடைய பிள்ளைகள் புத்தகம் இல்லாமலே பரீட்சை எழுதிவிட்டார்கள். மாஸ்டர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"ஒரு பந்திதானே தம்பி கேட்டனான்?" என்றார்.

இரண்டு பக்கத்துக் கல்யாணம்

அந்த வெட்கத்தில், இனி எல்லாம் வேர்ட்டில்தான் என்று முடிவெடுத்தேன். அடுத்து வந்தது ஒரு கல்யாண அழைப்பிதழ். எங்கள் திரையில் ஒரே பக்கத்தில் அம்சமாக இருந்தது. டிஸ்கில் போட்டு அச்சகத்துக்கு அனுப்பினேன். அங்கே இருந்த கணினியில் எழுத்துருவும் வேறு, பிரிண்டரும் வேறு. திறந்ததும் வரிகள் இறங்கி, மாப்பிள்ளை வீட்டார் முதலாம் பக்கத்திலும் பொம்பிளை வீட்டார் இரண்டாம் பக்கத்திலும் போய் நின்றார்கள். அச்சகக்காரர் அப்படியே அடித்தும் விட்டார். பொம்பிளையின் தகப்பன் ஒரு பிரதியோடு கடைக்கு வந்து, சனத்துக்கு முன்னால் அதை விரித்துப் பிடித்தார்.

"தாலி கட்ட முந்தியே பிரிச்சுப் போட்டீரே தம்பி!"

மனு

அதற்குப் பிறகு ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன்: ஒரு பக்கம் என்றால் கோரல் ட்ரோ, அதைவிடக் கூட என்றால் வேர்ட். இந்தச் சட்டத்தை நம்பியிருந்தபோதுதான் ஜிந்துப்பிட்டியில் இருந்து அந்த அம்மா வந்தார். தேயிலைத் தோட்டத்தில் இருந்து கொழும்புக்கு வந்த குடும்பம். மீன் சந்தையில் மூட்டை தூக்கும் மகனைப் பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய் நாலு நாள். அவனை விடச் சொல்லிப் பொலிஸ் மேலதிகாரிக்கு யாரோ ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த மனுவை ஒரு துண்டுச் சேலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

மனு ஒரு பக்கம். எனவே கோரல் ட்ரோ. பார்த்தவுடனே மேலதிகாரி மதிக்க வேண்டும் என்று சுற்றிவர இரட்டைக் கரை போட்டேன், தலைப்பை நிழல் எழுத்தில் வளைத்தேன், மகனின் பெயரைச் சாய்வெழுத்தில் அலங்கரித்தேன். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். உண்மையில் என் கெட்டித்தனத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் திரும்பி வந்தார். கண் வீங்கியிருந்தது.

"என்னம்மா, குடுத்தீங்களா?"

"குடுத்தேங்கய்யா. கல்யாணப் பத்திரிகையான்னு ஆளுக்காள் காட்டிச் சிரிச்சாங்க. வாங்கவே இல்ல."

எனக்குத் தலை நிமிரவில்லை. வேர்ட்டைத் திறந்து, கரையும் அலங்காரமும் இல்லாமல், தட்டச்சில் அடித்தது போல அடித்தேன். மூன்று பிரதி. அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாமலே. இந்த முறை வாங்கினார்கள். பத்து நாள் கழித்து மகன் வெளியே வந்தான். தாயோடு கடைக்கும் வந்தான்; இடது கையைத் தூக்க முடியவில்லை. என் எழுத்தால் ஒரு நாள் பிந்தியதை அந்தக் கையைப் பார்த்தபடி கணக்குப் போட்டேன். அம்மா என்னைக் கும்பிட்டுச் சொன்னார்:

"ரெண்டாவது எழுதினீங்களே, அத மொதல்லயே எழுதியிருக்கலாமுங்கய்யா."

துணை

கடைசியில் பேஜ்மேக்கர் படித்தேன். புத்தகத்துக்கு அதுதான் சரி. இனிப் பிழை வராது என்ற நம்பிக்கையோடு ஒரு கல்வெட்டுச் செய்தேன். செத்தவர் நினைவாக முப்பத்தோராம் நாள் கொடுக்கும் சிறு புத்தகத்தை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். முந்தைய மாதம் செய்த நாகலிங்கம் என்பவரின் கல்வெட்டையே எடுத்து, பெயரையும் படத்தையும் மாற்றினேன். பக்கங்களின் தலையில் தானாக வரும் பெயரை வலப்பக்கத்துக்கு மாற்றினேன். இடப்பக்கத்துக்கு அதைத் தனியாக மாற்ற வேண்டும். மாற்றவில்லை.

முப்பத்தோராம் நாள் காலை, அச்சடித்து வந்த புத்தகக் கட்டை அவிழ்த்தபோதுதான் கண்டேன். இடப்பக்கம் எல்லாம் நாகலிங்கம். திருப்பி அடிக்க நேரமில்லை. நானே கொண்டுபோய்ச் சொன்னேன். செத்தவரின் மனைவி கண்ணாடி போட்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். பிள்ளைகள் மூன்று பேரும் கனடாவில். அங்கே இன்னும் வதிவிடப் பேப்பர் கிடைக்காததால் ஒருவராலும் செத்தவீட்டுக்கு வர முடியவில்லை.

"ஆர் இந்த நாகலிங்கம்?"

"போன மாதம் கல்வெட்டு அடிச்ச இன்னொருத்தர், அம்மா. என்ர பிழை."

புத்தகத்தை மூடினார்.

"இருக்கட்டும் தம்பி. பெத்தது ஒண்டும் வரேல்லை, இவராவது பக்கத்தில நிக்கட்டும்."

எந்த ஆவணத்துக்கு எந்த மென்பொருள் என்று இன்றைக்கு யார் கேட்டாலும் சட்டென்று சரியாகச் சொல்லிவிடுவேன். எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்காதிருந்தால் போதும்.