கடல் தெரியாத நிலம்

சென்னையில் சட்டம் படித்த காலத்தில், கோடை விடுமுறைக்கு ராமநாதபுரம் வந்தால் எனக்கும் அண்ணனுக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளாது. அண்ணன் எனக்கு ஒரு வகுப்பு மேலே. அய்யாவுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் தம் அலுவலகத்தின் முன்னறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். "பட்டாளத்துல இருந்து திரும்புனவங்க மனு எழுத ஆளில்லாம அலையுறாங்க. அண்ணனும் தங்கச்சியுமாக் காசு வாங்காம எழுதிக் குடுங்க. கையெழுத்து நான் போடுறேன்" என்றார்.

அப்படி மனு கேட்டவர்களில் ஒருவர் பாம்பன் தீவிலுள்ள அக்காள்மடத்துக்காரர். வேதக்காரர்கள், கிறிஸ்தவ மீனவக் குடும்பம். ஆனால் முதல் தடவை அவர் வரவில்லை. அவர் மனைவிதான் தனியாக வந்தாள். யுத்தத்துக்குப் போனதற்காகக் கடலாடிப் பக்கம் அவள் கணவருக்குச் சர்க்கார் நிலம் கொடுத்திருந்தது. பயிரிடாமல் தரிசாகவே கிடந்தது. அந்த ஊர்ப் பெரிய கை ஒருவர் அதில் ஆட்டுக்கிடை போட்டுவிட்டு, 'மீன்பிடிக்கிறவனுக்கு நிலம் எதற்கு' என்று தாசில்தாரிடம் எழுதியும் போட்டுவிட்டார். நிலம் கொடுத்த ஒப்படையை ரத்து செய்ய நோட்டீஸ் வந்திருந்தது.

"அவர ஏன் கூட்டிட்டு வரல?" என்று அண்ணன் கேட்டான்.

"வாரேன்னுதான் கெளம்புவாரு தம்பி. ரயில் டேசன் வரைக்கும் வந்துட்டு வீட்டுக்குத் திரும்பிருவாரு" என்றாள்.

மீனுக்குப் போகிறாரா என்று கேட்டதற்கு, இல்லை, கரையில் வலை பின்னுகிறார் என்றாள்.

பதில் மனு எழுதிக் கொடுத்தோம். தாசில்தாரின் விசாரணைக்கு முந்தின நாளே நாங்கள் தீவுக்குப் போய்த் தெரிந்தவர் வீட்டில் தங்கினோம். மறுநாள் காலை அவரை எங்களுக்கு நடுவில் வைத்து ரயிலேற்றினோம். நெட்டையான மனிதர். சட்டைப் பொத்தானைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். பாம்பன் பாலத்தில் வண்டி ஊர ஆரம்பித்ததும் பெஞ்சிலிருந்து இறங்கித் தரையில் குந்தினார். துண்டைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டார். காலுக்குக் கீழே கடல் இரைந்தது. பெட்டியிலிருந்தவர்கள் சிரித்தார்கள். மனைவி அவர் தோளில் கையை வைத்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண்டபம் தாண்டிய பிறகுதான் பேசினார். மலேயாவுக்குப் போன கப்பல் குண்டு விழுந்து மூழ்கியிருக்கிறது. ஒரு பலகையை இவரும் இன்னொரு சிப்பாயும் பிடித்துக் கிடந்திருக்கிறார்கள். விடிந்தபோது இவர் மட்டும்தான் பிடித்திருந்தார்.

"இதத்தான் தாசில்தார்கிட்டச் சொல்லணும்" என்றான் அண்ணன் பரபரப்பாக. "பாலத்தத் தாண்ட முடியாமத்தான் நிலம் தரிசாக் கெடந்துச்சு. இத விட்டா நமக்கு வேற காரணமே கெடையாது."

"கடலுக்குப் பயந்தவன்னு ஆபீசுல வச்சுச் சொல்லவா? எங்கய்யா முங்கி முத்தெடுத்தவரு. அப்படிச் சொல்லி வர்ற நிலம் எனக்கு வேணாம்."

தாலுகா ஆபீசில் எங்கள் முறை வர மத்தியானம் ஆயிற்று. அதுவரை அவர் வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். என்னாலும் உட்கார முடியவில்லை. அவர் சொல்லிவிட வேண்டுமென்றும் எனக்கு இருந்தது, அவரைச் சொல்ல வைக்கக் கூடாதென்றும் இருந்தது.

தாசில்தார் கோபக்காரர் அல்ல. "ஏன்யா உழவே இல்ல?" என்று நேராகக் கேட்டார். இவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். அண்ணன் மழை பொய்த்ததைப் பற்றி ஆரம்பித்தான். "பக்கத்து வயல்லாம் வெளஞ்சிருக்கே தம்பி" என்று தாசில்தார் மடக்கிவிட்டார். எதிர்ப்பக்கம் நின்ற ஆட்டுக்கிடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

அப்போது மனைவி முன்னால் வந்தாள். "நான் சொல்லுறேன் எசமான்."

"ஏய், வேணாம்" என்றார் அவர்.

அவள் நிறுத்தவில்லை. கப்பலைச் சொன்னாள், பலகையைச் சொன்னாள், கடல் தண்ணீரில் அவர் கால் நனைப்பதில்லை என்பதையும் சொன்னாள். "தீவுல கெடந்தா இவரு செத்துருவாரு. கடலு கண்ணுக்குத் தெரியாத எடத்துல இருக்கட்டும்னுதான் கேக்குறோம்." பாதியிலேயே அவர் வெளியே போய்விட்டார்.

தாசில்தார் குமாஸ்தாவைக் கூப்பிட்டார். பிறகு, கிடையை எடுத்துவிட வேண்டும், வரும் மழைக்கு இவர் விதைக்க வேண்டும், விதைக்காவிட்டால் ரத்து என்று எழுதச் சொன்னார்.

வெளியே வந்து அண்ணன் விஷயத்தைச் சொன்னபோது அவர் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் இப்படியே கடலாடிக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு, மாற்றுத்துணிகூட இல்லாமல் நடக்க ஆரம்பித்தார். அவள் எங்களோடு ரயிலடிக்கு வந்தாள்.

அடுத்த விடுமுறையில் நாங்கள் கடலாடிப் பக்கம் போனோம். நிலத்தின் ஒரு பாதியில் வரகு அறுத்த தாள் நின்றது, மறு பாதியில் மிளகாய்ச் செடி. மூலையில் பனையோலைக் குடிசை. அவர் சதை போட்டிருந்தார். அன்று அவளும் கருவாட்டுக் கூடையோடு வந்திருந்தாள். வாரம் ஒரு தடவை பாலம் தாண்டி வந்து போகிறாளாம்.

"இங்கனயே இருந்துறலாமே?" என்றேன்.

"ரெண்டு ராத்திரி இருந்து பாத்தேன் தாயி. அலைச் சத்தம் இல்லாமத் தூக்கமே புடிக்கல."

"வந்துருவா" என்றார் அவர் எங்களிடம், வரப்பை வெட்டிக்கொண்டே.

"எங்க வாரது? இந்த மொளகாய்த் தோட்டத்துல நான் என்ன செய்ய?" என்றாள் அவள். கோபமாகச் சொன்னாலும் அவருக்குச் சோறு எடுத்து வைத்தாள்.

திரும்பும் வழியில் அண்ணன், "நாம ஜெயிச்ச மொத கேசு" என்றான். நான் ஆமாம் என்றேன். பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.