அலமேலு கொடுக்காத அட்ரஸ்

மூன்று வாரம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை. குக்கர் இரண்டாவது விசில் அடிக்கிற நேரத்தில் போன். வெள்ளிமலையிலிருந்து அலமேலு.

"அக்கா, போலீஸ் வந்துட்டுப் போச்சுக்கா. அந்தாளுக்குத் தண்டனை முடியுதாம். அடுத்த வாரம் வெளிய வர்றானாம். எங்க இருப்பேன்னு கேட்டதுக்கு என் வூட்டச் சொல்லிக்கிறான். வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்து வாங்குவாங்களாம். இன்னாக்கா பண்றது?"

அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அலமேலு என்பது அவள் நிஜப் பெயர் இல்லை. எழுதட்டுமா என்று கேட்டபோது அவளே தேர்ந்தெடுத்துக் கொடுத்த பெயர். எட்டு வருஷமாக மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு சாமையும் தேனும் கொண்டுவந்து விற்கிறாள். என் வீட்டுக்கும் வருவாள். பேரம் பேசினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு எழுந்துவிடுவாள். அவ்வளவு ரோஷம்!

"அந்தாளு" அவளுடைய கணவன். ஐந்து வருஷத்துக்கு முன்னால், அதே ஊரில் ஒரு சின்னப் பெண்ணிடம் தகாத முறையில் நடந்துகொண்டான். போக்சோ கேஸ். அலமேலு கோர்ட்டுக்குப் போய், பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். கட்டின புருஷனுக்கு எதிராகவா என்று சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்தக் குழந்தையின் வீடும் அதே தெருவில்தான். அலமேலுவுக்கும் ஒரு மகள். இப்போது பதிமூன்று வயது.

நான் ஏன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன் என்று இப்போது புரிகிறதா?

இந்த மாதிரிக் குற்றத்தில் தண்டனை வாங்கினவனின் பெயர், போட்டோ, கைரேகை, அட்ரஸ் எல்லாம் போலீஸின் பதிவேட்டில் ஏறிவிடும். நாடு முழுக்கப் போலீஸ் பார்க்கலாம். நாமெல்லாம் பார்க்க முடியாது. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று கவனித்தீர்களா... பதிவேட்டில் இருப்பது ஒரு ஆளின் பெயர். அட்ரஸில் இருப்பதோ ஒரு குடும்பம். விசாரிக்க வரும் போலீஸ் பைக் அந்த வீட்டு வாசலில்தான் நிற்கும். வேடிக்கை பார்க்கிற ஊர், அந்த வீட்டுப் பெண்ணைத்தான் பார்க்கும்.

சரி, அவன் அட்ரஸ் எப்படி இன்னமும் அலமேலு வீடாகவே இருக்கிறது? வீடு அவள் பேரில் அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு. பட்டாவும் அவள் பேரில்தான். ஆனால் ரேஷன் கார்டில் அவன் பெயர் இருக்கிறதே!

மலையில் பழங்குடிச் சான்றிதழ் என்பது உயிர் மாதிரி. அது இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் இல்லை, ஸ்காலர்ஷிப் இல்லை. அதை வாங்கப் போனால் அப்பா பெயர், அப்பா சான்றிதழ் என்று கேட்பார்கள். அதனால் அப்பன் ஓடிப்போனாலும் சரி, ஜெயிலுக்கே போனாலும் சரி, கார்டிலிருந்து பெயரை எடுக்கப் பயப்படுவார்கள். அலமேலு பயப்படவில்லை. கேஸ் முடிந்த மாதமே எடுக்கக் கிளம்பினாள். "வேணாம் அலமேலு, பொண்ணுக்கு சர்ட்டிஃபிகேட் வரட்டும்" என்று தடுத்த மகா புத்திசாலி யார் தெரியுமா?

உங்கள் அபிமானப் பத்தி எழுத்தாளர்தான்.

சர்ட்டிஃபிகேட் வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது பெயரை எடுத்துவிடு என்று சொல்ல வேண்டுமே? மறந்தே போனேன்! என் தலையில் நானே குட்டிக்கொள்வதா, சுவரில் போய் முட்டிக்கொள்வதா?

வெள்ளிக்கிழமை காலை மலை பஸ்ஸில் ஏறினேன். என் முட்டி வலிப் புராணம் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முட்டி கத்தியது. பையில் நாலு பக்க மனு. போனில் ஒரு வக்கீல் நம்பர். போய் அலமேலுவைக் காப்பாற்றப் போகிறேனாம்!

கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. பெண் ஏட்டு ஒருவர் தாளும் பேனாவுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மலை ஊரின் தலைவரான ஊர்க்கவுண்டர். உளுந்தூர்பேட்டையில் பஞ்சர் கடை வைத்திருக்கிற, அலமேலு கணவனின் அண்ணனும் ஜீப் பிடித்து வந்திருந்தார். கோர்ட்டுக்கு ஒருநாள்கூட வராத மனிதர், இதற்கு வந்துவிட்டார்.

"இந்த அட்ரஸ்லதான் இருப்பேன்னு அவரு சொல்லிருக்காரு" என்றார் ஏட்டம்மா. "சரின்னா சரின்னு எழுதுங்க. இல்லன்னா இல்லன்னு எழுதுங்க. உங்க இஷ்டம்தான்மா."

அண்ணன் முந்திக்கொண்டார். "போட்டுக் குடு அலமேலு. ஒரு கையெழுத்துல இன்னா கொறஞ்சிடப் போவுது? அதான் தண்டனைய அனுபவிச்சிட்டான் இல்ல? எங்கூடப் பொறந்தவன் ரோட்லயா நிப்பான்?"

"அதானே" என்றார் ஊர்க்கவுண்டர். "பொம்பள மனசு வெச்சா எல்லாம் சரியாப் பூடும்."

பொம்பளை மனசு வைத்தால்! எனக்கு வந்ததே ஒரு கோபம்... மனுவை எடுக்கப் பைக்குள் கையை விட்டபடி எழுந்தேன். அலமேலு என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டாள்.

"நீங்க சொல்றது நாயந்தாங்க மாமா" என்றாள் அண்ணனிடம், ரொம்ப மரியாதையாக. "ரோட்ல நிக்க வேணாம். உங்க வூட்டு அட்ரஸச் சொல்லுங்க. ஏட்டம்மா எழுதிக்கட்டும்."

"என் வூடா?"

"ஆமாங்க. என்துல ஒரே ரூமு. உங்களது மாடி வூடு, எடம் ஜாஸ்தி."

"அது எப்டி... என் வூட்ல வயசுப் பொண்ணுங்க ரெண்டு பேரு இருக்குதுங்களே..."

சொன்னது அவர் காதிலேயே விழுந்துவிட்டது.

"எனக்கும் ஒண்ணு இருக்குதுங்க மாமா" என்றாள் அலமேலு. "இந்தத் தெருவுல மொத்தம் ஏழு இருக்குதுங்க."

அலமேலு ஏட்டம்மாவிடமிருந்து தாளை வாங்கிக்கொண்டு ஊர்க்கவுண்டர் முன்னால் போய் நின்றாள்.

"உங்க வூடு எழுதட்டுங்களா கவுண்டரே?"

கவுண்டருக்கு எங்கிருந்தோ இருமல் வந்துவிட்டது. அடுத்தவருக்கு ஆடு கட்டாமல் வந்தது ஞாபகம் வந்தது. இன்னொருவர் வராத போனை எடுத்து "அலோ, அலோ" என்றபடி நகர்ந்தார். தாள் நெருங்க நெருங்க, மனசு வைக்கச் சொன்ன ஆம்பளைகள் எல்லாம் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பின்னால் நின்ற பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். முதலில் முந்தானைக்குள், அப்புறம் வாய்விட்டே!

அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒருத்தி மட்டும் சிரிக்காமல் எழுந்து வந்தாள். அந்தக் குழந்தையின் அம்மா. அலமேலுவுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி நின்றுகொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

அலமேலு ஐந்தாவது வரை படித்தவள். தாளைத் தொடைமேல் வைத்து, பேனாவை அழுத்திப் பிடித்து, பெரிய பெரிய எழுத்தாக எழுதினாள். 'இது என் வீடு. அவர் இங்கே இருக்க எனக்குச் சம்மதம் இல்லை.' கீழே கையெழுத்து. ஏட்டம்மா ஒருமுறை படித்தார். மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"அப்ப எங்கன்னு எழுதறது?" என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

அண்ணன் பிடரியைச் சொறிந்தார். "கடைக்குப் பின்னால ஒரு ஷெட்டு இருக்குது. லாரிக்காரங்கதான் வந்துக்கினு போய்க்கினு இருப்பாங்க. அத எழுதிக்கோங்க."

"அங்க இருக்கற ஸ்டேஷன்லேர்ந்து வந்து பாப்பாங்க. அடிக்கடி வருவாங்க. பரவால்லயா?"

"வரட்டுங்க" என்றார். குரல் ரொம்பக் கம்மியாக வந்தது.

தண்டனை முடிந்தவன் எங்கேயாவது இருந்துதானே ஆக வேண்டும்? அவனுக்கும் ஒரு கூரை வேண்டும்தான். ஆனால் அது மனைவியின் கூரையாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் எழுதி வைத்தார்கள்? தம்பி, பங்காளி, எங்க ரத்தம் என்று பேசுகிறவர்கள் முதலில் தங்கள் கதவு எண்ணைச் சொல்லட்டுமே!

என் நாலு பக்க மனு பையை விட்டு வெளியே வரவேயில்லை. திரும்பும் பஸ்ஸில் முட்டி வலித்ததா? ஞாபகம் இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

மறு திங்கட்கிழமையே அலமேலு ரேஷன் கார்டிலிருந்து அவன் பெயரை எடுக்க இ-சேவை மையத்துக்குப் போய்விட்டாள். சர்ட்டிஃபிகேட் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதால் ஒரு சிக்கலும் இல்லை. இந்த வாரம் சாமை மூட்டையை இறக்கி வைத்த கையோடு புது ரேஷன் கார்டு அச்சடித்த தாளை நீட்டினாள். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவள் பெயர். உறுப்பினர் என்ற இடத்தில் மகள் பெயர். அதற்குக் கீழே வெறும் வெள்ளை. பெண் அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளெல்லாம் ஹார்ட்டின் விட்டார்களாம். ஐந்து வருஷமாக யாரிடமும் வீட்டைப் பற்றிப் பேசாத பெண்!

நான் மன்னிப்புக் கேட்டேன். நான் சொன்ன யோசனையால்தானே இவ்வளவும் என்று கண் கலங்க ஒரு பிரசங்கம். அவள் பாதியிலேயே கையமர்த்தினாள்.

"வுடுங்கக்கா. இனிமே யாருக்குனா யோசன சொல்றதா இருந்தா, அவங்க வூட்ல நாலு நாளு இருந்து பாத்துட்டு வந்து சொல்லுங்க."

ஆகையால் வாசகர்களே, இந்த வாரம் அறிவுரை கிடையாது!