பதிமூன்றரை சென்டிமீட்டர்

என் தங்கை வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ஆமை என்று பெயர். பதினோரு வருடமாக அங்கே அவளுக்கு ஒரே வேலை. சின்னச் சின்ன கிளினிக்குகளில் எடுத்து வைத்திருக்கும் ரத்தக் குப்பிகளை வாங்கி, ஐஸ் பெட்டியில் அடுக்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி, மாலைக்குள் கூடத்தில் சேர்க்க வேண்டும். ரத்தம் அதிகம் குலுங்கினால் கெட்டுவிடும். அதனால் பள்ளத்தை அவள் தூரத்திலேயே பார்த்துவிடுவாள். பிரேக் பிடிப்பதும் தெரியாது, கிளம்புவதும் தெரியாது. அவளைச் சீறிக்கொண்டு தாண்டிப் போகிறவர்கள் அடுத்த சிக்னலில் பக்கத்தில் பார்த்தால் அவளே நிற்பாள். இத்தனை வருடத்தில் அவள் கொண்டுபோன குப்பி ஒன்றுகூட வேண்டாமென்று திரும்பி வந்ததில்லை. எனக்கு அதில் பெருமை உண்டு.

பொறாமையும் உண்டு. அதை விட்டுவிட்டு எழுதினால் பாதிதான் எழுதியதாக ஆகும்.

நான் அவளுக்கு ஏழு வயது மூத்தவள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வண்டிகளுக்கு சீட் தைக்கும் கடையில் சேர்ந்தேன். இருபத்துநாலு வருடமாக அதே கடை, அதே சுவரோரம், அதே தையல் மெஷின். எதிரே ஒரு ஜன்னல். அதில் பக்கத்துக் கட்டிடத்துத் தண்ணீர்த் தொட்டியின் கீழ்ப்பாதி தெரியும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். கார், வேன், மோட்டார் சைக்கிள் என்று எத்தனையோ வண்டிகளுக்கு சீட் தைத்திருக்கிறேன். அதெல்லாம் எங்கெங்கோ போய்விட்டு, கிழிந்தபின் என்னிடமே திரும்பி வரும். நான் வீட்டுக்கும் கடைக்கும்தான் போய் வந்தேன்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தங்கை சொன்னாள்.

"அக்கா, ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர். இருபத்துநாலு மணி நேரத்துல முடிக்கணும்."

"யாரு தொரத்துறாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் தொரத்தல. நானேதான்."

அவள் சேர்ந்திருந்த மோட்டார் சைக்கிள் சங்கத்தில் அப்படி ஒரு ஓட்டம் இருக்கிறதாம். பந்தயம் கிடையாது, தனியாகத்தான் ஓட்ட வேண்டும். கிளம்பும்போதும் முடிக்கும்போதும் சாட்சிக் கையெழுத்து வேண்டும். வழியில் பெட்ரோல் போட்ட ஒவ்வொரு ரசீதிலும் இடமும் நேரமும் இருக்க வேண்டும். வேகமாகப் போகிறவர்கள் இதில் தோற்றுப்போவார்களாம். அங்கங்கே இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்களாம். ஒரே சீராகப் போய், நிற்கும் நேரத்தைக் குறைக்கிறவர்தான் முடிப்பார்.

"ஆமைக்குன்னே வச்ச மாதிரி இருக்கே" என்றார் என் வீட்டுக்காரர். தங்கை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்கு யோசனை சொன்னவர் ஒரு தபால்காரர். அந்த ஓட்டத்தை மூன்று முறை முடித்தவர். எங்கள் வீட்டில் அவருக்குத் தபால் அண்ணன் என்று பெயராகிவிட்டது. தங்கை வாயைத் திறந்தால் அவர்தான். தபால் அண்ணன் சொன்னாரென்று டீயை நிறுத்தினாள். தபால் அண்ணன் சொன்னாரென்று உதிரி கிளட்ச் கேபிளை, ஓடுகிற கேபிளுக்குப் பக்கத்திலேயே கட்டி வைத்தாள். அறுந்தால் முனையை மாற்றி மாட்டினால் போதும். பழைய டயர் ஒன்றைக் கொண்டுவந்து, ஆணி அடித்து அடித்து பஞ்சர் ஒட்டிப் பழகினாள். தினமும் காலையில் வாசலில் வண்டியை நிறுத்தி, கையுறையைக் கழற்றி, டாங்க் மூடியைத் திறந்து மூடி, ரசீது வாங்குவது போல் கையை நீட்டி, மீட்டரைப் படம் எடுத்து, மறுபடியும் ஏறுவாள். முதல் நாள் பதினொரு நிமிடம் ஆனது. பத்தாவது நாள் ஆறே நிமிடம். எதிர்வீட்டு அம்மாள் என்னிடம் வந்து, "உன் தங்கச்சி நல்லாத்தானே இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

உள்ளே போடும் பருத்தித் துணிகளைத் தையல் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். தையல் உடம்பில் பட்டால் நீண்ட தூரத்தில் தோலை அறுத்துவிடும். தைக்கிறவள் வீட்டில் இருக்கும்போது இதையும் தபால்காரர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"அவ ஊரைச் சுத்தப் போறா, நீ எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றார் வீட்டுக்காரர்.

"என் மூஞ்சியே அப்படித்தான்."

ஓட்டத்துக்கு இரண்டு வாரம் இருந்தபோது வண்டிக்குப் புது சீட் போட்டுக்கொண்டு வந்தாள். வேறு கடையில் தைத்தது. தபால் அண்ணன் காட்டிய கடை. கறுப்பு ரெக்சினில் சிவப்பு நூலால் கட்டம் கட்டமாக டைமண்ட் தையல். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"எப்படிக்கா இருக்கு?"

கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி இறங்கியது. எங்கள் கடைக்கு வருகிறவர்களும் இப்படித்தான், விரலால் அழுத்தி, இறங்கினால் சந்தோஷப்பட்டுப் போய்விடுவார்கள். இரண்டு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு அது போதும். அஞ்சு மணி நேரத்தில் அந்த ஃபோம் நசுங்கி, அடியிலிருக்கும் பிளாஸ்டிக் தகடு எலும்பில் முட்டும். போதாக்குறைக்கு டைமண்ட் தையலின் முடிச்சு வரிசை சரியாக உட்காரும் எலும்பு படும் இடத்தில் ஓடியது. சட்டையைத் திருப்பிப் போடத் தெரிந்தவளுக்கு, உட்காரும் இடத்தில் ஓடும் தையல் கண்ணில் படவில்லை.

எனக்குப் பட்டது. உட்காருவதைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் கிடையாது.

"நல்லா இருக்கு" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்நூறு கிலோமீட்டர் ஒத்திகை போனாள். காலையில் போனவள் மதியம் மூன்றரைக்கு வந்தாள். வண்டியை விட்டு இறங்கும்போதே காலை அகற்றி வைத்தாள். தட்டை வாங்கி, நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

"உக்காந்து சாப்பிடேன்."

"சும்மாதான். நின்னா நல்லா இருக்கு."

எனக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி இறங்கியது. அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை.

சாயங்காலம் தபால் அண்ணன் வந்தார். அன்றுதான் அவரை நேரில் பார்த்தேன். நல்ல மனிதராகத்தான் இருந்தார், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. தங்கை அவரிடம் மெதுவாகச் சொன்னாள்.

"கடைசி நூறு கிலோமீட்டர் ஃபுட்ரெஸ்ட்ல நின்னுட்டே வந்தேன்ணா. ஐந்நூறுக்கே இப்படின்னா மீதி எப்படிப் போறது? சனிக்கிழமை நான் வரல. பேரை எடுத்துடுங்க."

அந்த ஓட்டத்துக்காக அவள் வாங்கியிருந்த லீவு, பதினோரு வருடத்தில் அவள் கேட்டு வாங்கிய முதல் லீவு. அதற்காக இரண்டு மாதம் மேலாளர் அறைக்கு வெளியே நின்றிருக்கிறாள். இந்தத் தடவை விட்டால் இன்னொரு லீவு எப்போது கிடைக்கும் என்று அவளுக்கும் தெரியாது.

தபால் அண்ணன் யோசித்துவிட்டுச் சொன்னார். "சில உடம்புக்கு இது ஒத்துக்காதும்மா. அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. நாளைக்கு சங்கத்துல சொல்லிடறேன்."

நான் நினைத்தது நடந்துவிட்டது. அவள் போகப் போவதில்லை. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் போலவே அவளும் வீட்டில் இருப்பாள். ஆனால் சில உடம்பு என்றாரே, அது என் தங்கையின் உடம்பு. குப்பியில் இருக்கும் ரத்தத்தைக்கூடக் குலுக்காமல் பதினோரு வருடம் ஓட்டிய உடம்பு. எவரோ ஒருவர் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதற்குக் குறை சொல்வதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"பேரை எடுக்க வேணாம்" என்றேன். "உடம்புல ஒண்ணுமில்ல. சீட்டுலதான் கோளாறு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஃபோம் பற்றியும் தையல் பற்றியும் சொன்னேன். "அதே கடைலதானே நானும் தச்சேன்" என்றார் அவர்.

"உங்க உடம்புக்கு அது ஒத்துக்கிச்சுங்க" என்றேன். அவர் டீயைக் குடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை வரை பேரை எடுக்காமல் வைத்திருப்பதாகச் சொல்லிப் போனார்.

அவர் போனதும் தங்கை கேட்டாள். "உனக்கு இது எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே."

"நல்லா இருக்குன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"ஏன்க்கா?"

"நீ என்கிட்ட கேக்காம எவன் கடைக்கோ போன." அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீ போகக் கூடாதுன்னும் இருந்துச்சு."

அவள் மாடியில் தன் அறைக்குப் போய்விட்டாள். அரை மணி நேரம் கழித்து வாசலில் ஸ்பேனர் சத்தம் கேட்டது. சீட்டைக் கழற்றிக்கொண்டு வந்து என் காலடியில் போட்டாள்.

"தை" என்றாள்.

பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து, நெளிநெளியாக இருக்கும் அந்த அட்டையை மர ஸ்டூலின் மேல் போட்டேன். "உக்காரு. முட்டிய மேல தூக்கு. நல்லா அழுத்து." எழுந்ததும் அட்டையில் இரண்டு குழிகள், உட்காரும் எலும்புகள் பதிந்த இடம். பென்சிலால் தேய்த்து, நடுப்புள்ளி குறித்து, இரண்டுக்கும் இடையே அளந்தேன். பதிமூன்றரை சென்டிமீட்டர். மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் அதேதான். ஏதோ தோன்றி, இன்னொரு துண்டில் நானும் உட்கார்ந்து பார்த்தேன். பதிமூன்றரை.

"உன்கிட்ட கேக்காததுக்குக் காரணம் இருக்கு" என்றாள் அவள், அட்டையைப் பார்த்தபடியே. "நீ போகாதன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் போக மாட்டேன். அதான் பயந்தேன்."

அட்டைகள் இரண்டிலும் தேதியைப் போட்டு வைத்தேன்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளில் சீட் முடிந்தது. அடியில் கெட்டியான ஃபோம், மேலே ஒரு விரல்கடை மட்டும் மெத்தென்று. எலும்பு படும் இடத்தில் தையலே கிடையாது, ஒரே துணி. அழகு ஒன்றும் இல்லை. விரலால் அழுத்தினால் எதுவும் தெரியாது, உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். அவளுக்கு வேலை இருந்தது. எனக்கும் இருந்தது, ஆனால் என் வேலையே உட்காருவதுதானே. அளவும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

புதன்கிழமை காலையில் இரண்டு மரப்பெட்டிகளின் மேல் பலகை போட்டு, அதில் அந்த சீட்டை இறுக்கிக் கட்டி, மெஷினுக்கு முன்னால் வைத்து ஏறி உட்கார்ந்தேன்.

முதலாளி வந்து பார்த்தார். "எங்கம்மா பயணம்?"

"தெக்க."

"சாப்பாட்டுக்கு வண்டி எங்க நிக்கும்?"

"நிக்காது."

நான்காவது மணி நேரத்தில் இடது தொடை மரத்துப்போனது. முன்பக்க ஓரங்களை இரண்டு விரல் அளவு சீவினேன். மறுநாள் ஆறாவது மணி நேரத்தில் முதுகெலும்பின் கடைசிக் கணு வலித்தது. நடுவில் ஒரு பள்ளம் வெட்டி, துணியை மறுபடி இழுத்துத் தைத்தேன். மூன்றாவது நாள் காலை எட்டுக்கு உட்கார்ந்தவள் மாலை வரை எங்கும் வலி தெரியாமல் இருந்தேன். மூன்று நாளும் சேர்த்து முப்பத்தோரு மணி நேரம். அவள் வேகத்தில் போயிருந்தால் ஆயிரத்து அறுநூறை எப்போதோ தாண்டியிருப்பேன். நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலில் அதே தண்ணீர்த் தொட்டி.

அந்த நாட்களில் தங்கை என்னிடம் அளவைத் தவிர எதுவும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீட்டை மாட்டிவிட்டு, ஏறி உட்கார்ந்து, முன்னும் பின்னும் நகர்ந்து பார்த்தாள். "ம்" என்றாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பெட்ரோல் பங்க்கிலிருந்து கிளம்பினாள். சாட்சிக் கையெழுத்தைத் தபால் அண்ணனும் பங்க் ஊழியரும் போட்டார்கள். வீட்டு ஆட்கள் போடக் கூடாதாம். எனக்குக் கொடுத்த வேலை அவளுடைய தண்ணீர்ப் பையைப் பிடித்துக்கொண்டிருப்பது. வளைவில் திரும்பும்போது ஒரு குலுங்கல் இல்லை. பெருமையாக இருந்தது. வயிறும் எரிந்தது.

ஒவ்வொரு ரசீதின் படமும் என் ஃபோனுக்கு வந்தது. நேரத்தையும் ஊரையும் ஒரு தாளில் எழுதினேன். ஒன்றும் நான் பார்த்த ஊர் இல்லை. எங்கேயும் அவள் எட்டு நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அஞ்சே காலுக்கு முடித்தாள். இருபத்துமூன்று மணி நேரமும் பதினைந்து நிமிடமும். கண் சிவந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் வாசலில் சிமென்ட் படியில் உட்கார்ந்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுளிக்கவில்லை.

"சாயங்காலம் ஒரு எடத்துல கடல் வந்துச்சுக்கா" என்றாள். "இடது பக்கமா. கூடவே வந்துச்சு."

"எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிஷம் இருக்கும்."

நாற்பது நிமிடம். பிறகு அவள் தூங்கப் போய்விட்டாள். நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் தபால் அண்ணன் தன் சீட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். "என் உடம்புக்கும் இப்ப ஒத்துக்க மாட்டேங்குதும்மா" என்றார். வரிசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். அவருக்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. தங்கையின் சீட்டை மறுபடி கழற்றிக் கொண்டுவந்து, நான் தொடாமல் விட்டிருந்த பின்பாதியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஆணியில், நான் உட்கார்ந்து அளந்த இரண்டாவது அட்டை தொங்கியது.

மாலையில் சீட்டை வாங்க வந்தவள் அதைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"அங்க ஐஸ் பெட்டி கட்டணும்க்கா."

"லீவு நாள்ல என்ன பெட்டி?"

அவள் அட்டையில் போட்டிருந்த தேதியைப் படித்தாள். கட்டைவிரலால் புது ஃபோமை அழுத்திப் பார்த்தாள். "கல்லு மாதிரி இருக்கு."

"அந்தக் கடலுக்கு எத்தனை மணி நேரம்?"

"நிக்காம போனா ஏழு."

"தாங்கும்" என்று சொல்லிவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.