மேட்டுப்பட்டி ஜெஸ்ஸி வீட்டு ஜிம்

ஜெஸ்ஸிக்குச் சிறுவயதிலேயே தோள் அகலம். சாணார்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்குத் தக்காளித் தோட்டம். பறித்த தக்காளியைப் பெட்டியில் போட்டு ரோட்டு ஓரத்துக்குத் தூக்கி வருவதில் அண்ணன்மாரைவிட அவள்தான் வேகம். பள்ளிக்கூடத்தில் குண்டு எறிதலில் மாவட்ட அளவில் பரிசு வாங்கினாள். கல்லூரியில் உடற்கல்வி படித்தாள். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு, கைதான் ஆம்பள கை மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்து வந்தவன் பிராங்க்ளின். திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் கேட், கிரில் செய்யும் பட்டறை வைத்திருந்தான். அவனுக்கு அந்தக் கைதான் பிடித்திருந்தது. "கேட்டு மாட்டும்போது ஒரு முனையப் புடிக்க வீட்டுலயே ஆளு கெடச்சிருச்சு" என்று கல்யாணத்தன்றே கேலி பேசினான்.

கல்யாணத்துக்குப் பிறகு, டவுனில் ஒரு ஜிம்மில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. முற்பகலில் இருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரை பெண்கள் மட்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, உலையை இறக்கிவிட்டு வருகிறவர்களுக்கு அது வசதியான நேரம். சில வருஷம் நன்றாகத்தான் போனது. பிறகு ஜிம் கைமாறியது. புது முதலாளி, அந்த நேரத்திலும் ஆண்கள் வரட்டும் என்று லேடீஸ் டைமை எடுத்துவிட்டார். ஜெஸ்ஸியை வரவேற்பு மேசையில் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. தன் தண்ணீர் பாட்டிலையும் துண்டையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

வாசலில் நர்கீஸ் நின்றுகொண்டிருந்தாள். பேகம்பூர்க்காரி, ஜெஸ்ஸியைவிடப் பத்து வயது மூத்தவள். கணவர் அப்துல் ஹக்கீம் தோல் வியாபாரம் செய்கிறவர். முதுகு வலிக்கு மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துப்போய், கடைசியாக ஜிம்முக்கு வந்து சேர்ந்தவள்.

"ஜெஸ்ஸி, நீ எங்க சொல்லிக்குடுக்கிறியோ அங்க நான் வாரேன். ஆம்பளைக முன்னாடி குனிஞ்சு நிமிர என்னால ஏலாது."

"எங்கக்கா சொல்லிக்குடுக்கிறது? எனக்கு ஏது எடம்?"

"உன் வீட்டுல எடமா இல்ல?"

இடம் இருந்தது. ஜெஸ்ஸி வீட்டில் ஒரு கார் ஷெட் இருந்தது, கார்தான் இல்லை. மாமனார் என்றைக்காவது கார் வாங்கிவிடலாம் என்று கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். அதில் பிராங்க்ளினின் துண்டுக் குழாய்களும் மாமியார் செபாஸ்தியம்மாளின் விறகும் தென்னை மட்டையும் கூரை வரைக்கும் கிடந்தன.

செபாஸ்தியம்மாள் முதல் நாளே கேட்டுவிட்டாள்: "என் வெறக எங்கத்தா வைக்கப் போற? மழ பேஞ்சா நனையுமுல்ல?"

பிராங்க்ளின் வீட்டுக்குப் பின்னால் விறகுக்குத் தகரக் கூரை போட்டு ஒரு இரும்பு ஸ்டாண்டு செய்து கொடுத்தான். அதோடு அந்தச் சண்டை தீர்ந்தது. பிறகு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கிடைக்கிற நேரத்தில் ஜிம் சாமான் செய்ய ஆரம்பித்தான். ஜெஸ்ஸி ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டுவாள். அவன் குழாயை அறுத்துப் பற்றவைப்பான். படுத்துக்கொண்டு எடை தூக்க ஒரு பெஞ்சு, எடை மாட்டித் தூக்குகிற இரும்புப் பாரை வைக்க ஒரு ஸ்டாண்டு, தொங்குவதற்கு மேலே ஒரு கம்பி. ஒவ்வொன்றிலும் தானே முதலில் ஏறி நின்று குதித்துப் பார்த்தான். பாரும் அதில் மாட்டுகிற எடைப் பிளேட்டும் மட்டும் மூடிப்போன ஒரு ஜிம்மில் இருந்து பழையதாக வாங்கினார்கள். கண்ணாடி, சலூன் ஒன்றைப் புதுப்பித்தபோது கழற்றிப் போட்டது. ஓரத்தில் ரசம் போயிருந்தாலும் ஆள் தெரிந்தது.

தரைதான் பிரச்சினையாக இருந்தது. சிமெண்டுத் தரையில் பிளேட் விழுந்தால் தரையும் போகும், பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கமும் போகும். ஜிம்முக்கென்று விற்கிற ரப்பர் விரிப்பு கட்டுப்படியாகவில்லை. பால் பண்ணை ஒன்றுக்குக் கேட் மாட்டப் போன பிராங்க்ளின், மாடு வழுக்காமல் இருக்கத் தொழுவத்தில் போட்டிருந்த தடித்த ரப்பர் விரிப்பைப் பார்த்துவிட்டு வந்தான்.

"ஏங்க, மாட்டு விரிப்புலயா அவங்கள நிக்க வைக்கச் சொல்றீங்க?"

"மாடு நானூறு கிலோ இருக்கும். உன் நர்கீஸ் அக்கா அம்புட்டா இருக்காங்க?"

மாட்டு விரிப்பே வந்தது. கழுவிக் காயப்போட்டு விரித்தபோது நன்றாகத்தான் இருந்தது. தகரக் கூரையின் சூடு தாங்காமல் மேலே தென்னங்கீற்றைப் பரப்பினார்கள். முன்பக்கக் கேட்டுக்குக் கனமான திரை ஒன்றை ஜெஸ்ஸியே தைத்து மாட்டினாள். பெண்கள் இருக்கிற நேரத்தில் பிராங்க்ளின் பட்டறையை விட்டு வீட்டுப் பக்கம் வருவதில்லை என்று பேச்சு.

முதலில் நர்கீஸ் வந்தாள். பிறகு கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் தமிழ்மதி, ஆபீஸ் போவதற்கு முன்னால் காலையில் வர ஆரம்பித்தாள். அவள் ஒருத்தியைக் கூட்டிவந்தாள், அந்த ஒருத்தி தன் நாத்தனாரைக் கூட்டிவந்தாள். காலையில் ஒரு கூட்டம், முற்பகலில் ஒரு கூட்டம் என்று ஆனது. "இதுல படுத்துக்கிட்டு இரும்பத் தூக்கவும் ஒருத்தி வருவாளா?" என்று கேட்ட செபாஸ்தியம்மாள், யார் யார் வரவில்லை என்று திரைக்கு இந்தப் பக்கம் இருந்தே விசாரிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

நர்கீஸுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. முதுகு வலி வந்ததில் இருந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுதாள். தரையில் மண்டியிட்டு, நெற்றி பட ஸஜ்தா செய்ய வேண்டும்; மறுபடி யார் கையையும் பிடிக்காமல் எழுந்திருக்க வேண்டும். எடை குறைய வேண்டும் என்றோ, இடுப்பு சிறுக்க வேண்டும் என்றோ அவள் கேட்கவே இல்லை. ஜெஸ்ஸி அவளுக்கு வெறும் குச்சியைப் பிடித்துக் குனியக் கற்றுக்கொடுத்தாள். பிறகு குச்சிக்குப் பதில் வெறும் பார். பிறகு சின்னப் பிளேட். ரமலானுக்கு முந்திய ஒரு நாள், நர்கீஸ் ஷெட்டுக்குள் வந்ததும் வராததுமாக ஜெஸ்ஸியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு விடியக்கால ஃபஜ்ருக்கு நாற்காலிய எடுக்கல ஜெஸ்ஸி. கீழ தொழுதேன். எந்திரிச்சும் நின்னேன்." அவளுக்கும் கண் கலங்கியது, இவளுக்கும் கலங்கியது. கூட இருந்த பெண்கள் கைதட்டினார்கள்.

சம்பவம் நடந்தது நோன்பெல்லாம் முடிந்து, நல்ல வெயில் காலத்தில். ஒரு சனிக்கிழமை முற்பகல். நர்கீஸ் அதுவரை தூக்காத எடையைத் தூக்கினாள். தரையில் கிடக்கும் பாரைக் குனிந்து பிடித்து நிமிர்ந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். முதுகு நேராக இருந்தது, குதிகால் தரையில் இருந்தது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டே புர்காவைப் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறினாள்.

சாயங்காலம் அப்துல் ஹக்கீமிடம் இருந்து போன் வந்தது.

"ஏம்மா, காலைல அவள என்னத்தத் தூக்க வச்ச? இடுப்பப் புடிச்சுக்கிட்டுத் துடிக்கிறா. வாந்தி வேற. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம்."

"அண்ணே, எந்த எடத்துல வலி..."

போன் கட்டாகிவிட்டது.

ஜெஸ்ஸி அப்படியே அடுப்படிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். முதுகெலும்பு, ஜவ்வு, நரம்பு என்று படித்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தரையில் தொழ ஆசைப்பட்டு வந்தவளைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டோமா என்ற நினைப்பும் வந்தது. திரும்பத் திரும்பப் போன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை. அதற்குள் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி பரவிவிட்டது. "நர்கீஸ் அக்காவுக்கு முதுகு போயிருச்சாமே, நிஜமா?" என்று ஒருத்தி கேட்டிருந்தாள். வேறு ஒருத்தி ஒன்றுமே கேட்காமல் குழுவை விட்டு வெளியேறி இருந்தாள்.

பட்டறையில் இருந்து ஓடிவந்த பிராங்க்ளின் நேராக ஷெட்டுக்குள் போனான். சுத்தியலை எடுத்து, தான் பற்றவைத்த ஒவ்வொரு இணைப்பையும் தட்டிப் பார்த்தான். எதுவும் விடவில்லை. "என் வேலையில தப்பு இல்ல ஜெஸ்ஸி" என்று சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னால் யார்மேல் பழி வந்து விழுகிறது என்று அப்புறம்தான் புரிந்து, சுத்தியலைக் கீழே வைத்தான்.

"நான் போறேங்க," என்றாள் ஜெஸ்ஸி.

"அவுக வீட்டு ஆளுக அம்புட்டுப் பேரும் நிப்பாங்க. கோவத்துல ஏதாவது சொல்லிட்டா?"

"சொல்லட்டும். வீட்டுல உக்காந்திருக்க என்னால முடியாது."

தானும் வருகிறேன் என்று அவன் வண்டியை எடுத்தான்.

ஆஸ்பத்திரி மாடியில் அப்துல் ஹக்கீம் சுவரில் சாய்ந்து நின்றார். ஜெஸ்ஸியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் பக்கத்தில் போய் நின்றாள். "அண்ணே, முப்பது கிலோ தூக்க வச்சேன். இதுக்கு முன்னாடி இருபத்தஞ்சு வரைக்கும் தூக்கிருக்காங்க. நான் பாத்த வரைக்கும் சரியாத்தான் தூக்குனாங்க. தப்பு நடந்திருந்தா அது என்னோடதுதான். டாக்டர் என்ன கேட்டாலும் நானே சொல்றேன்."

அவர் அவளைப் போகச் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, பெஞ்சில் கிடந்த தன் பையை நகர்த்தி உட்கார இடம் விட்டார்.

ஸ்கேன் அறைக் கதவு திறந்து டாக்டரம்மா வெளியே வந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"கல்லு. கிட்னியில இருந்து எறங்கி, சிறுநீர்க் குழாயில சிக்கியிருக்கு. சின்னதுதான். மருந்துலயே வெளிய வந்துரும்."

"முதுகு?" என்று கேட்டாள் ஜெஸ்ஸி. "டாக்டர், காலைல எடை தூக்குனாங்க. நான்தான் ட்ரெயினர். அதனால முதுகுல ஏதும்..."

"முதுகு நல்லா இருக்கும்மா. இந்தக் கல்லு ஒரு நாள்ல வந்ததும் இல்ல, நீங்க தூக்க வச்சு வந்ததும் இல்ல."

ஜெஸ்ஸிக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. உள்ளே ஒருத்தி வலியில் கிடக்கும்போது கல் என்று கேட்டுச் சிரிக்கிறோமே என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளேயே அது அழுகையாக மாறிவிட்டது. பிராங்க்ளின் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முதுகைத் தட்டினான். அப்துல் ஹக்கீம் "அல்ஹம்துலில்லாஹ்" என்று பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு ஜெஸ்ஸியைப் பார்த்துச் சொன்னார்: "அவ துடிச்சதப் பாத்துட்டு என்ன பேசுறோம்னே தெரியாமப் பேசிட்டேன் தங்கச்சி. மனசுல வச்சுக்கிறாத."

ஊசி போட்டதில் நர்கீஸுக்கு வலி குறைந்திருந்தது. கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஜெஸ்ஸியைப் பார்த்ததும் அவள் கேட்டது, "திங்கக்கெழம வரலாமா?"

"செவனேன்னு படுங்கக்கா."

டாக்டரம்மா மருந்து எழுதிக்கொண்டே, "தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?" என்று கேட்டார். நர்கீஸ் திருதிருவென்று விழித்தாள். பிறகு ஜெஸ்ஸியைப் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். வெளியே கிளம்பினால் காலையில் இருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. ஜெஸ்ஸி வீட்டுக்கு வருகிற நாளிலும் அப்படித்தான். "உன் வீட்டு பாத்ரூமுக்குப் போகணும்னா நடு வீட்டத் தாண்டிப் போகணும். உன் மாமியார் உக்காந்திருப்பாங்க, யாராச்சும் வந்து பேசிக்கிட்டு இருப்பாங்க. கூச்சமா இருக்கும். அதுக்குக் குடிக்காமயே இருந்துட்டா வம்பில்லன்னு..." மற்றவர்களும் அப்படித்தான் என்றாள்.

ஜெஸ்ஸி தினமும் "தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். எல்லோரும் பாட்டிலைத் திறந்து உதட்டை நனைத்துவிட்டு மூடியது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கல் அவளால் வரவில்லை. ஆனாலும் இது தெரியாமல் இருந்துவிட்டோமே என்று இருந்தது.

மறுநாள் காலைப் பூசைக்குப் போய்வந்து, மத்தியானம் படுத்தவள் சாயங்காலம்தான் எழுந்தாள். இத்தனை நேரம் பகலில் தூங்கியதாக அவளுக்கு நினைவே இல்லை. எழுந்து காபியைக் குடித்துவிட்டு, பிராங்க்ளினைக் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் போய்ச் சுவரைக் காட்டினாள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பாத்ரூம். அவன் சுவரைத் தட்டிப் பார்த்து, "ஒடச்சு ஒரு கதவு வச்சிரலாம்" என்றான். செபாஸ்தியம்மாள் மட்டும், "சொவர ஒடைக்கிற தூசியெல்லாம் சோத்துலதான் விழப் போகுது" என்று முணுமுணுத்தாள். ஆனால் கொத்தனார் வந்த அன்றைக்கு அவருக்கு டீ போட்டுக் கொடுத்ததும் அவள்தான். ஷெட் பக்கம் இருந்தே போய்வர வழி வந்தது. வீட்டுப் பக்கக் கதவை உள்ளிருந்து பூட்டிக்கொள்ள ஒரு தாழ்ப்பாளும் வந்தது.

இன்னொன்றும் மாறியது. புதிதாக வருகிறவர்களிடம் ஜெஸ்ஸி இப்போது முதலில் உட்காரவைத்துப் பேசுகிறாள். என்ன வியாதி, என்ன மாத்திரை, முன்பு எங்கே அடிபட்டது என்று எல்லாம் கேட்கிறாள். சந்தேகம் என்றால் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறாள். வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறிய பெண்ணை நேரில் போய்க் கூப்பிட்டாள். அவள் வந்தாள், வந்ததும் புதுக் கதவைத்தான் திறந்து பார்த்தாள்.

நர்கீஸ் வந்தது இரண்டு வாரம் கழித்து. கையில் ஒரு சின்ன மாத்திரை டப்பா. உள்ளே அந்தக் கல்; சிறுநீரோடு வந்ததை, ஆஸ்பத்திரியில் கொடுத்த வடிகட்டியில் பிடித்தாளாம். கழுவிப் பஞ்சில் வைத்திருந்தாள். தமிழ்மதி லீவு போட்டுவிட்டு அன்றைக்கு முற்பகல் கூட்டத்தில் இருந்தாள். டப்பா கைமாறிக் கைமாறிப் போனது. மிளகில் பாதிகூட இல்லை.

"இம்புட்டுத்தானா?" என்றாள் தமிழ்மதி.

"இம்புட்டுத்தான். இதுக்குத்தான் எங்க வீட்டுக்காரரு ஊரையே கூட்டிட்டாரு," என்றாள் நர்கீஸ். "இப்ப என்னன்னா, ஆம்பளைகளுக்கு உங்க ஜெஸ்ஸி சொல்லிக்குடுக்க மாட்டாளான்னு கேக்குறாரு. முட்டி வலியாம்."

பெண்கள் சிரித்த சிரிப்பில், என்னவோ ஏதோ என்று செபாஸ்தியம்மாள் திரையை விலக்கிப் பார்த்தாள். ஜெஸ்ஸி டப்பாவை வாங்கி மூடி நர்கீஸிடம் கொடுத்தாள். ஒரு செம்பு தண்ணீரை அவள் முன்னால் வைத்து, முழுவதும் குடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள். பிறகு பாரில் இருந்த பிளேட்டுகளை எல்லாம் கழற்றிவிட்டு, "வெறும் பாருல இருந்து ஆரம்பிப்போம்க்கா" என்றாள்.