அண்ணிக்கு வலி குறைந்த புதன்கிழமை

எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே கட்டியிருந்த கம்பியில் ஒரு பச்சைப் பாவாடை தொங்கிக்கொண்டிருந்தது. ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை, காலை ஆறு இருபது. மூன்று நாளாக வெயில் இல்லை. மூடுபனி தேயிலைக் காட்டிலிருந்து ஏறி வந்து தொட்டியின் விளிம்பில் நின்றிருந்தது. கீழ் கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழை பிடித்துவிட்டால் எந்தத் துணியும் வெளியில் காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் உலர்த்துவோம். பதினெட்டு வருடமாக அந்த லைனில் துணி துவைக்கும் என் அண்ணிக்கு இது தெரியாததல்ல. அடுப்படியில் போட்டால் அண்ணன் கண்ணில் படும் என்றுதான் அதை வெளியே போட்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். கேட்டதற்கு, "காப்பி கொட்டிருச்சு அம்மணி" என்றார். நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் அதையும் எழுதி வைத்தேன்.

நான் எஸ்டேட் ஆபீஸில் எழுத்தர். பத்தாம் வகுப்பிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை பெய்ததா, யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், மணி என்ன. அவ்வளவுதான் அதில் இருக்கும். அண்ணன் வீட்டில்தான் நானும் இருக்கிறேன். சாயங்காலம் நான் நோட்டைத் திறந்தால் அண்ணி, "எங்க ஊட்டு கிளார்க்கம்மா தீர்ப்பு எழுத உக்காந்துட்டாங்க, எல்லாரும் நல்லபடியா நடந்துக்கோங்க" என்பார். அந்த வாரத்தில் நடந்ததை இப்போது அந்த நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். என் நினைவை மட்டும் நம்பினால் எனக்குச் சாதகமாக எதையாவது மாற்றிவிடுவேன் என்று பயம்.

திங்கட்கிழமை, பறித்த கொழுந்தை எடைபோடும் மதிய நிறுவையில் அது தொடங்கியது. மழையில் நனைந்த கொழுந்து மூட்டை காய்ந்த மூட்டையைவிட நன்றாகவே கனக்கும். தராசுக் கொக்கியில் மாட்டத் தூக்கும்போது அண்ணியின் கால் சேற்றில் வழுக்கியது. விழவில்லை. மூட்டையையும் விடவில்லை. இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது என்றார். நாற்பது தாண்டிய கொழுந்துக்காரிகளில் இடுப்பு வலி இல்லாத ஒருத்தியை எங்கள் எஸ்டேட்டில் தேடிப் பிடிக்க முடியாது. அண்ணிக்கும் பல வருடமாக உண்டு. வலது தொடை வழியாக இறங்கி முழங்காலோடு நின்றுவிடும். சூப்பர்வைசர் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கச் சொன்னார். தைலம் தேய்த்தேன். "அண்ணிக்கு இடுப்புப் பிடிப்பு" என்று எழுதினேன். செவ்வாய்க்கிழமை அண்ணி லீவு போட்டார். அன்று நோட்டில் அவர் சொன்னது அப்படியே இருக்கிறது: "ரெண்டு காலுலயும் மொளகாப் பொடி தேச்சாப்புல எரியுது." ரெண்டு என்ற சொல்லை நான் கவனிக்கவில்லை. அதுவரை வலி ஒரு காலில் மட்டுமே வந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை வலி குறைந்துவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அண்ணி வேலைக்கே போய்விட்டார்.

இங்கே எங்கள் ஊர்ப் பெண்களின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அண்ணி வேலை செய்த தேயிலைக் காடு, மலைச் சோலைக் காட்டை ஒட்டிய சரிவு. கழிவறை கிடையாது. ஓடைப் பக்கம் இறங்கினால் காட்டுமாடு நிற்கும். சில நாள் கரடி. மேட்டுப் பக்கம் ஆண்கள் மருந்தடித்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே பெண்கள் காலையில் அரை டம்ளர் தேத்தண்ணியோடு போய், மதிய நிறுவை முடியும்வரை அடக்கிக்கொள்வார்கள். இது கஷ்டம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மாறாக அதில் ஒரு பெருமை உண்டு. புதிதாக வேலைக்கு வந்த பெண் நடுவில் எழுந்து போனால், "ஏம்புள்ள, உனக்கென்ன அரைப்படி சொம்பா?" என்று கேலி செய்வார்கள். அண்ணிக்கு அந்தக் கூட்டத்தில் நல்ல பேர். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன்.

"உங்க அண்ணி இன்னிக்கு வெடியால போனவ, பொழுது வரைக்கும் ஒருக்காக்கூட எந்திரிக்கல. நடுவுல ரெண்டு டம்ளர் தண்ணி வேற குடிச்சா."

"எனக்குத் தோணவே இல்லியே" என்று உள்ளேயிருந்து அண்ணி சிரித்தார்.

"தொட்டி கட்டி வெச்சிருக்கியா வயித்துக்குள்ள?"

மூவரும் சிரித்தோம். வேறு எந்த ஊரிலாவது ஒருத்தி விடியலிலிருந்து பொழுது சாயும்வரை சிறுநீர் கழிக்கவில்லை என்றால் யாராவது ஒருவர் முகம் சுளித்திருப்பார். எங்கள் ஊரில் அது கெட்டிக்காரத்தனம். பிறகு அண்ணி அடுப்புக்கு முன் பலகையில் உட்கார்ந்தார். சற்று நகர்ந்து உட்கார்ந்து, மறுபடி நகர்ந்து, "பலகை மேல கம்பளியா போட்டிருக்கு? மெத்துனு இருக்குதே" என்றார். பலகை மேல் ஒன்றும் இல்லை. அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்ததால் அதையும் எழுதினேன்.

மறுநாள் காலையில்தான் பாவாடை.

அன்று ஆபீஸுக்குப் போகும் வழியில், அண்ணிக்கு இடுப்பு வலி திரும்பினால் இருக்கட்டும் என்று மாத்திரை வாங்க எஸ்டேட் டிஸ்பென்சரியில் நுழைந்தேன். அங்கிருந்த சிஸ்டர் சிடுசிடுப்பானவர். வரிசையில் நிற்பவர்களைப் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி அதட்டுவார். மாத்திரையை உறையில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"எந்தக் காலுல வலிங்கறாங்க?"

"ரெண்டுலயுமுங்க, சிஸ்டர். செவ்வாக்கிழமையிலிருந்து. நேத்திலிருந்து தேவலை."

உறையை மடித்த கை நின்றது. "தேவலைன்னா? வலி இல்லைங்கறாங்களா, அந்த எடமே தெரியலைங்கறாங்களா?"

அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. கம்பளி விஷயம் நினைவுக்கு வந்தது. சொன்னேன். சிஸ்டர் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். ஒண்ணுக்குக் கடைசியாக எப்போது போனார்கள் என்று கேட்டார். பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைச் சொன்னேன். துணி எதுவும் நனைந்ததா என்று கேட்டார். காப்பி கொட்டியதாகச் சொன்னார்கள் என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன்.

"மாத்திரை வேண்டாம். ஆபீஸ்ல ஜீப் கேளுங்க. நான் ஊட்டுக்கு வர்றேன்" என்று குடையை எடுத்தார்.

வீட்டில் அண்ணன் வேறு யோசனையில் இருந்தார். மேட்டுப்பாளையத்தில் ஒருவர் இடுப்பை நீவி, மேலே ஏறி மிதித்து எடுத்துவிடுவார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "நீவறதும் வேண்டாம், மிதிக்கறதும் வேண்டாம். நீங்க போய் ஜீப்புக்கு வழி காட்டுங்க" என்று சிஸ்டர் அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். வழி காட்டத் தேவையே இல்லை, டிரைவர் எங்கள் லைன்காரர்தான். அண்ணியைப் பேச வைக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது அது.

"போகணும்னு தோணுதா?"

"தோணலீங்க, சிஸ்டர். அது ஒண்ணாவது நல்லாப் போச்சுன்னு இருந்தேன்."

"அப்புறம் பாவாடை எப்படி நனைஞ்சுது?"

அண்ணி என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "கர்ப்பப்பை எறங்கிருச்சாட்ட இருக்குன்னு நெனச்சேன். வயசாகுதுல்ல" என்றார். கழுவும்போது தன் கை படுவது தெரியவில்லை என்பதையும் அப்போதுதான் சொன்னார். யாரோ அடுத்தவர் உடம்பைக் கழுவுகிற மாதிரி இருந்ததாம்.

சிஸ்டர் அடிவயிற்றை அழுத்திப் பார்த்து என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். பூசணிக்காய் மாதிரி கல்லாக இருந்தது. "மூத்திரப்பை ரொம்பி, மேல்தண்ணி வழியுது. அதுதான் பாவாடை" என்றார். டிஸ்பென்சரியிலிருந்து கொண்டு வந்திருந்த சிறுநீர்க் குழாயைச் செருகினார். குழாய் வழியே பாதி வடிந்தபின், கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த அண்ணி கேட்டார்: "ஆரம்பிக்கறப்ப சொல்லுங்க சிஸ்டர், பல்லக் கடிச்சுக்கறேன்." கீழே குழாயின் மறுமுனைப் பை ஏற்கெனவே நிறைந்துகொண்டிருந்தது. சிடுசிடுப்பான அந்த முகத்தில் நான் பயத்தைப் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

ஒன்பது பத்துக்கு ஜீப் புறப்பட்டது. வழியில் எந்த ஆஸ்பத்திரியிலும் நிற்க வேண்டாம், ஸ்கேனும் ஆபரேஷனும் ஒரே இடத்தில் இருக்கும் கோயம்புத்தூருக்கே போங்கள் என்று சொல்லி, அங்கே போனும் செய்துவிட்டார் சிஸ்டர். கொண்டை ஊசி வளைவுகளில் அண்ணி உருளாமல் இருக்க, மடக்கிய போர்வைகளை இரு பக்கமும் வைத்துப் பிடித்துக்கொண்டேன். வளைவுக்கு வளைவு, "கால் வெரலை ஆட்டுங்க அண்ணி" என்றேன். ஆட்டினார். ஒரு வளைவில், "ஆட்டறேனே" என்றார். இடது கால் விரல் அசையவில்லை.  அதற்குப் பிறகு நான் ஆட்டச் சொல்லவில்லை.

கோயம்புத்தூரில் டாக்டர் முதலில் கேட்டது, எப்போது தொடங்கியது என்று. "இன்னைக்குக் காலையிலதாங்க" என்றார் அண்ணி. "ஒரு வாரமாவே இடுப்பு நோவுங்க" என்றார் அண்ணன். டாக்டருக்கு இரண்டும் உதவவில்லை. நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். திங்கள் மதியம் மூட்டை, செவ்வாய் இரண்டு கால் எரிச்சல், புதன் பகலில் சிறுநீர் உணர்வு இல்லை, புதன் மாலை உட்காருமிடம் மரத்தது, வியாழன் காலை துணி நனைந்தது. அவர் நின்றுகொண்டே படித்தார். பிறகு எழுதியது யார் என்று கேட்டார்.

"இவ்வளவு சரியா எழுதியிருக்கீங்க. நேத்தே ஏன் கூட்டிட்டு வரலை?"

குற்றம் சாட்டிய குரல் அல்ல. உண்மையிலேயே அறிய விரும்பிய குரல்.   ஒவ்வொன்றையும் தனித்தனி நாளாக எழுதினேனே தவிர, ஒரு முறையாவது பக்கத்தைத் திருப்பி ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் படிக்கவில்லை.

ஸ்கேன் படத்தைக் காட்டி அவர் விளக்கியதை, பிறகு நான் தேடிப் படித்ததோடு சேர்த்துச் சொல்கிறேன். தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை வருவதில்லை. இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் கற்றையாகத் தொங்குகின்றன. பழைய உடற்கூற்று மருத்துவர்கள் அதற்குக் குதிரைவால் என்று பெயர் வைத்தார்கள். கால்களுக்கும், உட்காருமிடத்துக்கும், சிறுநீர், மலம் இரண்டையும் அடக்கிப் போகவிடும் தசைகளுக்கும் அந்தக் கற்றையிலிருந்துதான் நரம்புகள் போகின்றன. எலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் டிஸ்க் என்கிற வட்டு பிதுங்கி அந்தக் கற்றையை நசுக்கினால், முதலில் வலி இரண்டு கால்களுக்கும் பரவலாம். பிறகு குறையலாம். குணமாவதால் அல்ல, நரம்பு செய்தி அனுப்புவதை நிறுத்துவதால். அந்தக் கட்டத்தில் நாள் கணக்கு செல்லாது, மணிக் கணக்குதான். எங்கள் வீட்டில் எல்லாரும் சிரித்த புதன்கிழமை சாயங்காலம் அந்தக் கட்டம்.

பொழுது சாய்வதற்குள் ஆபரேஷன் முடிந்தது. கால் பெரும்பாலும் வந்துவிடும் என்றார் டாக்டர். "மத்ததுக்கு நரம்புதான் பதில் சொல்லணும். மாசக் கணக்கா ஆகலாம். வராமலும் போகலாம்." அண்ணி மயக்கம் தெளிந்ததும் கேட்டது காலைப் பற்றி அல்ல. "இனி எனக்குத் தெரியுமா, அம்மணி?" என்றுதான். எது என்று சொல்லவில்லை. நான் தண்ணீரில் பஞ்சை நனைத்து அவர் உதட்டில் வைத்தேன்.

கார்த்திகையில் நடந்தார். இடது பாதத்தை மட்டும் சற்று இழுத்து வைப்பார். சரிவில் நின்று கொழுந்து எடுக்க முடியாது என்பதால், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விடும் காப்பகத்தில் வேலை கொடுத்தார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போனில் அலாரம் அடிக்கும். கதவைச் சாத்திக்கொண்டு, தானே குழாய் வைத்துச் சிறுநீரை வடித்துக்கொள்ளச் சிஸ்டர் பழக்கிவிட்டிருந்தார். அலாரம் அடித்தால் பிள்ளைகள் எல்லாம், "பெரியம்மாவுக்கு பெல் அடிச்சாச்சு!" என்று கூவுவார்கள். அண்ணி அதற்குக் கூச்சப்படவில்லை. கூச்சம் அந்த வியாழக்கிழமையோடு தீர்ந்துபோனது என்பார். மார்கழியில் சிஸ்டர் பெண்களைக் கூட்டிப் பேசியபோது நடுவில் எழுந்து, "அடக்கறதுல எனக்குத்தான் மொத பரிசு, பாத்துக்கோங்க" என்று தன் காலைக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. இப்போது அந்தக் காட்டில் பத்து மணிக்கு எல்லாரும் கூட்டமாக ஓடைப் பக்கம் இறங்குகிறார்கள். ஒருத்தி தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு காவல் நிற்கிறாள். கழிவறை வேண்டும் என்று கொடுத்த மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. அதன் நகல் என்னிடம் இருக்கிறது.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒன்று ஐந்து. மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வெயில் நன்றாக அடித்தது. அண்ணி சோற்றைப் பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு, தூரத்தில் ஏதோ சத்தம் கேட்பவர் போலத் தலையைச் சாய்த்தார். பிறகு எழுந்தார்.

"அலாரம் அடிக்கலியே" என்றார் அண்ணன்.

"அடிக்கலீங்க. எனக்காத் தோணுது."

எச்சில் கையைக் கழுவாமலே, இடது பாதத்தை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. எங்கள் கைகளில் சோறு காய்ந்தது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, ரசத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"என்ன ரெண்டு பேரும் சாமி வந்த ஆளைப் பாக்கறாப்புல பாக்கறீங்க? சோத்தத் தின்னுங்க."

அண்ணன் வெகுநேரம் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை.