ஸ்கிப் தராத பந்து

போன வாரம், இப்போது நான் இருக்கும் மான்மவுத் ஜங்ஷனில் பிசியோதெரபிக்குப் போயிருந்தேன், நோயாளியாக. இருபது வருடமாக ஊரார் தோள்களையெல்லாம் தூக்கவைத்தவனுக்கு இன்று சட்டை மாட்டிவிட மனைவி வரவேண்டியிருக்கிறது, சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. அங்கிருந்த சென்னைப் பெண் ஒரு மஞ்சள் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். அந்த ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் டெக்சாஸ் ஞாபகம் வந்துவிட்டது, கூடவே ஸ்கிப்பும்.

2004. ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு சின்ன ஊர்க் கிளினிக்கில் எனக்கு முதல் வேலை. கறுப்பர்களைப் பெரிய பேஸ்பால் அணிகளில் சேர்க்காத காலத்தில் அவர்களுக்கென்று இருந்த நீக்ரோ லீக்கில், வீசுகிற பந்தைப் பிடிக்கும் கேட்சராக ஆடி, பிறகு மேனேஜரானவர் ஸ்கிப். எண்பதைத் தாண்டியிருந்தார். வலது கை விரல்கள் பந்து பட்டுப் பட்டு ஆளுக்கொரு திசையில் வளைந்திருந்தன. கிரிக்கெட் தெரியும் என்ற திமிரில், "மேனேஜர்னா ஹோட்டல் ரூமெல்லாம் புக் பண்ணுவீங்களா?" என்று முதல் நாளே கேட்டுவைத்தேன்.

"எங்களுக்கு எவன் ரூம் குடுத்தான்? பஸ்லதான் தூங்குவோம். அந்த பஸ்ஸை ஓட்டினதும் மேனேஜர்தான்" என்றார். அவர் இங்கிலீஷை என் தமிழில் சொல்கிறேன்.

உள்ளூர் மைதானத்தில் பழைய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் நாளில் முதல் பந்தை அவர் போடவேண்டும்; அதற்காகத்தான் தோளைச் சரிபண்ண எங்களிடம் வந்திருந்தார். வயதானவர்களுக்காகப் பாதி தூரத்திலேயே சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுவார்கள். ஸ்கிப்புக்கு அந்தக் கோடு வேண்டாம். பந்து வீசுகிறவன் நிற்கும் மேட்டிலிருந்தே, அறுபதடி, தரையில் படாமல் போடவேண்டும்.

"அந்த மேட்டுக்கு எத்தனையோ தடவை நடந்திருக்கேன். எல்லாம் பந்தை வாங்கத்தான். போடறதுக்கு ஒரு தடவைகூடப் போனதில்ல."

வீசுகிறவன் களைத்துவிட்டால், ஆளை மாற்ற மேனேஜர் மேட்டுக்கு நடந்துபோய் உள்ளங்கையை நீட்டுவார். அவன் பேசாமல் பந்தை அதில் வைத்துவிட்டு வெளியேறவேண்டும். அதுதான் வழக்கம்.

ஆறு வாரம் தைலமும் வியர்வையுமாகப் போயிற்று. ஒருநாள் என் சீனியர் நசீர் பாய் கூப்பிட்டார். "தம்பி, அவர் இன்ஷூரன்ஸ்ல செஷன் முடிஞ்சிடுச்சு. இன்னிக்கே டிஸ்சார்ஜ் பண்ணிடு. அந்தத் தோளுக்கு அறுபதடியெல்லாம் ஓவர்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவர் பாணியிலேயே சொல்லிவிடலாம் என்று பெரிய புத்திசாலியாக அவர் முன்னால் போய் உள்ளங்கையை நீட்டினேன். ஸ்கிப் என் கையைப் பார்த்தார். அமுக்கிப் பழக நான் கொடுத்திருந்த மஞ்சள் ரப்பர் பந்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"இந்த டீம்ல ஆளை மாத்தறது நான். நீ இல்ல."

வெட்கமாகப் போய்விட்டது. மறுநாளிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பார்க்கிங் லாட்டில் பயிற்சி. நசீர் பாயே டேப் பிடித்து அறுபதடி அளந்து கொடுத்தார். "வேலை போச்சுன்னா ரெண்டு பேரும் ஒரே ஃப்ளைட்ல ஊருக்குப் போயிடலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டேதான்.

விழாவன்று ஸ்கிப் சுண்ணாம்புக் கோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப்போய் மேட்டில் ஏறினார். வீசினார். பந்து பாதியில் விழுந்து உருண்டது. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள், மைக்கில் அடுத்த நிகழ்ச்சியை அறிவித்துவிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. அவர் நகரவில்லை. கேட்சரைப் பார்த்து, வளைந்த விரல்களோடு உள்ளங்கையை நீட்டினார்.

கேட்சர் கொஞ்சம் விழித்தான். பிறகு மேடுவரை நடந்துவந்து பந்தை அந்தக் கையில் வைத்தான். இரண்டாவது பந்து தரையைத் தொடவில்லை. நசீர் பாய் என்னைக் கட்டிப்பிடித்ததில் விலா வலித்தது.

ஸ்கிப் போய்ப் பல வருடமாகிறது. கிளினிக் இருந்த இடத்தில் செல்போன் கடை. மைதானம் கோடவுனாகிவிட்டது; அந்த மேட்டையும் வெட்டிச் சமமாக்கி லாரி நிறுத்துகிறார்கள்.

போன வாரம் அந்தப் பெண், "இன்னிக்குப் போதும் அங்கிள்" என்று சொல்லிப் பந்துக்காக உள்ளங்கையை நீட்டினாள்.

நான் கொடுக்கவில்லை.